சரிபார்க்கப்படாதவர்

ஜூன் 3, திங்கள்

இன்று என் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ரெஜினா டீச்சர் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். முதியோர் எழுத்து வகுப்பு போன மாதத்தோடு முடிந்துவிட்டது. பதினேழு பேரோடு தொடங்கி, கடைசியில் நான்கு பேர் இருந்தோம். யாரோ வகுப்புக்குக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள் மூன்று சும்மா கிடந்தன. அதில் ஒன்று எனக்கு.

"எழுதறத விட்டீங்கன்னா மறந்துருங்கய்யா. தினமும் நோட்டுல நாலு வரி எழுதுங்க. இதுல டைப் அடிச்சுப் பழகுங்க" என்றார்.

அதனால் இந்த நோட்டு. மேலே இருக்கும் தேதியை நானே காலண்டரைப் பார்த்து எழுதினேன். என் பெயர் ஆறுச்சாமி. வயது எழுபத்தொன்று. ஊர் சிங்காநல்லூர். இவ்வளவையும் எழுத ஒரு மணி நேரம் ஆனது. அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. குழைந்தால் என்ன, நான் ஒருவன்தானே சாப்பிடப் போகிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

பால் பாக்கெட்டில் இவ்வளவு எழுதியிருக்கிறது என்று இத்தனை வருடம் எனக்கு யாரும் சொல்லவில்லை. கிழிப்பதற்கு முன் முழுதும் படித்தேன். தீப்பெட்டியையும் படித்தேன். பக்கத்து வீட்டுக் கேட்டில் "நாய் உள்ளது" என்று இருக்கிறது. அந்த நாய் செத்து ஆறு வருடம் ஆகிறது.

கம்ப்யூட்டரை டீச்சர் தமிழில் மாற்றி வைத்திருக்கிறார். கோப்புகள், படங்கள், குப்பைத்தொட்டி. குப்பைத்தொட்டியைத் திறந்தேன். "காலியாக உள்ளது" என்றது.

ஜூன் 6, வியாழன்

பொன்னுச்சாமி டீ குடிக்க வந்தான். கீழ் வீட்டுக்காரன். மில்லில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டராக இருந்தவன். நான் அதே மில்லில் கேட் வாட்ச்மேன். இருவரும் ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம் ஆகிறது. தினமும் பதினொரு மணிக்கு வருவான். எனக்கு வேறு யாரும் வருவதில்லை.

"உனக்கு எதுக்குப்பா கம்ப்யூட்டரு? அதுக்கும் காவல் நிக்கப் போறயா?"

"சும்மா கெடக்குதுன்னு குடுத்தாங்க."

"யாரு குடுத்தா?"

"கோயில்ல பழக்கமான ஒரு டீச்சரம்மா."

பதினொரு மாதமாக மாலையில் ஒண்டிப்புதூர் பெருமாள் கோயிலுக்குப் போவதாக அவனிடம் சொல்லியிருந்தேன். போனது எழுத்து வகுப்புக்கு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வகுப்பு நடந்தது. ஆனால் அங்கே போனால் மில்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பஸ் ஏறிப் போனேன்.

"இத்தன பக்தி வந்தும் நெத்தில ஒரு நாமத்தக் காணமே" என்றான்.

ஜூன் 8, சனி

டீச்சர் வந்தார். கம்ப்யூட்டருக்குள் ஒரு கடை இருக்கிறது. அதில் மென்பொருள்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை. பெரியவர்கள் எழுதிப் பழகுவதற்கென்றே நல்ல மென்பொருள் ஒன்று இருப்பதாக டீச்சருக்கு யாரோ சொன்னார்களாம். தேடினார், வரவில்லை. பிறகு ஓர் இடத்தில் போய் "சரிபார்க்கப்படாதவற்றையும் காட்டு" என்ற கட்டத்தில் டிக் வைத்தார். உடனே வந்துவிட்டது. பெயர் "எழுதிப் பழகு". பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம்.

டீச்சர் "நிறுவு" என்பதை அமுக்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்கய்யா?"

"இருங்க டீச்சர், என்னமோ எழுதியிருக்குது. படிச்சுக்கறேன்."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இதை உருவாக்கியவர் சரிபார்க்கப்படாதவர். அவர் யார் என்பதை எவரும் உறுதி செய்யவில்லை. இதை நிறுவினால் உங்கள் கணினிக்குத் தீங்கு நேரலாம். உருவாக்கியவரை நீங்கள் நம்பினால் மட்டும் தொடரவும்."

"இத யாருமே படிக்க மாட்டாங்கய்யா. பெரிய கம்பெனின்னா அடையாளத்தக் காமிச்சு முத்திரை வாங்கிக்குவாங்க. இது யாரோ தனி ஆளு. வாங்கிருக்க மாட்டாரு. அவ்வளவுதான், அமுத்துங்க."

"முத்திரை இல்லாம எப்படிங்க உள்ள விடறது?"

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "படிக்கச் சொல்லிக் குடுத்தது என்ற தப்புங்கய்யா" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஜூன் 9, ஞாயிறு

இந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

நான் முப்பத்தொரு வருடம் கேட்டில் நின்றேன். சீட்டு இல்லாமல் ஒரு நூல்கண்டு வெளியே போனதில்லை. முதலாளியின் மைத்துனர் காரையே நிறுத்தியிருக்கிறேன்.

ஒன்றை இந்த நோட்டில்தான் எழுத முடியும். எனக்கு அந்தச் சீட்டுகளைப் படிக்கத் தெரியாது. ஐந்தாவது படித்தவன் என்று சொல்லி என் மச்சான் வேலை வாங்கிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போடுவேன். அதைக் கோலம் போலப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினேன். சீட்டுக்கு நிறம் உண்டு. ஆள் வெளியே போக ரோஸ். ரிப்பேருக்குப் போய்த் திரும்பும் பொருளுக்கு மஞ்சள். கழிவுக்குப் பச்சை. முத்திரை வட்டமாக இருந்தால் மேனேஜர், சதுரமாக இருந்தால் ஸ்டோர். சீட்டை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடிப்பேன். மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். "ம், போ" என்பேன்.

மில்லில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் தெரியும்.

ஜூன் 10, திங்கள்

மழை. பொன்னுச்சாமி வரவில்லை. இரண்டு டம்ளர் டீயையும் நானே குடித்தேன்.

ஜூன் 12, புதன்

நல்ல தண்ணீர் இன்று வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். பிறகு கம்ப்யூட்டர் கடையைத் திறந்து அந்த மென்பொருளிடம் போனேன். நிறுவுவதற்காக இல்லை. "மேலும் விவரம்" என்று ஓர் இடம் இருந்தது, படிக்காமல் விட மனமில்லை.

உருவாக்கியவர்: ஆ. தனபால்.

கோயமுத்தூரில் தனபால்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே முன்பு இரண்டு பேர்.

கீழே இப்படி எழுதியிருந்தது. பார்த்து எழுதுகிறேன். "வயதான பிறகு எழுத்து கற்பவர்களுக்கு. வீட்டிலேயே, யாருக்கும் தெரியாமல் கற்கலாம். உங்கள் பெயரைக் கேட்காது. யாரிடமும் சொல்லாது."

இன்று இவ்வளவுதான்.

ஜூன் 13, வியாழன்

சமைக்கவில்லை. பன் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

எனக்கு ஒரு மகன் உண்டு. பெயர் தனபால். இந்த இரண்டு வரியை எழுத நான்கு நாள் ஆனது.

2006ஆம் வருடம் மார்ச் மாதம். அவனுக்கு இருபது வயது. எங்கள் மில்லில் எலெக்ட்ரிகல் பிரிவில் அப்ரண்டிசாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாலை நான்கு மணி சங்கு ஊதியது. ஷிப்டு விட்டு ஆட்கள் கேட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவன் பையில் கைக்கு அடக்கமாக ஒரு போர்டு இருந்தது. மோட்டாரை ஓட்டுகிற கருவியில் இருப்பது. சீட்டு எங்கே என்றேன். நோட்டில் கிழித்த வெள்ளைத் தாள் ஒன்றை நீட்டினான்.

"இது என்னடா?"

"சீட்டுங்கப்பா. போர்மேன் எழுதிக் குடுத்தாரு. பாஸ் சீட்டுப் புக்கு தீந்துபோச்சாம்."

"இது பாஸ் இல்ல."

"படிச்சுப் பாருங்கப்பா, அதுல..."

சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டான். வரிசையில் யாரோ, "ஏனுங் வாட்ச்மேன், பெத்த பையனுக்கே இந்தக் கெடுபிடியா?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

செக்யூரிட்டி ஆபீசர் கேட்டார். "சீட்டு ஏதாச்சும் காமிச்சானா?"

தாள் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால், இதைப் படித்த பிறகும் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார். "இல்லீங்க சார்" என்றேன்.

தனபால் ஒரு கை தூரத்தில் நின்றான். எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தப்பியிருப்பான், என் வேலை போயிருக்கும். என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். எழுதிக் கொடுத்த போர்மேனும் தன் வேலைக்குப் பயந்து எதுவும் சொல்லவில்லை. திருட்டு என்று எழுதி அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அந்த வாரமே ஊரைவிட்டுப் போனான். மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி சரசு இறந்தபோது வந்தான். மொட்டை போட்டான், கொள்ளி வைத்தான், மூன்றாம் நாள் போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தாளை நான் கிழிக்கவில்லை. கொஞ்சமாகப் படிக்க வந்ததும், போன பிப்ரவரியில் எடுத்துப் படித்தேன். "எரிந்துபோன போர்டு ஒன்று. தனபால் எடுத்துப் போகலாம்." கீழே கையெழுத்து. ஆறு சொல்.

கை வலிக்கிறது.

ஜூன் 17, திங்கள்

காலையில் குளித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். "நிறுவு" என்பதை அமுக்கினேன். எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை முழுதும் படித்தேன். "உருவாக்கியவரை நம்புகிறீர்களா?" என்று கேட்டது. "ஆம்", "இல்லை" என்று இரண்டு பொத்தான்கள்.

ஆம்.

ஒரு பச்சைக் கோடு மெல்ல வளர்ந்தது. பிறகு மென்பொருள் திறந்தது. முதல் பாடத்தில் அம்மா, ஆடு, இலை என்று இருக்கும் என நினைத்தேன். இதில் இருந்தவை ஒண்டிப்புதூர், உக்கடம், காந்திபுரம், பீளமேடு. எல்லாம் பஸ் போர்டுகள். இரண்டாம் பாடத்தில் தள்ளு, இழு, ஆண்கள், பெண்கள். மூன்றாவதில் மருந்துச்சீட்டு வார்த்தைகள். காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன்.

சின்னப் பையனாக இருக்கும்போது தனபால் என் விரலைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பான். தூரத்தில் பஸ் வரும்போதே, நான் கேட்காமல், மெதுவாகச் சொல்லிவிடுவான். "உக்கடங்கப்பா." பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காது.

மாலை வரை அதையே எழுதிக்கொண்டிருந்தேன். தப்பாக எழுதினால் பீப் என்று ஒரு சத்தம் வருகிறது. நிறைய முறை வந்தது.

ஜூன் 20, வியாழன்

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவருக்கு ஈமெயில் போடலாங்கய்யா. முகவரி கீழயே இருக்குது."

"அது எனக்கும் அவனுக்கும் மட்டுந்தானே தெரியும்? அன்னிக்குக் கேட்ல நூறு பேரு இருந்தாங்க டீச்சர்."

கடையில் அந்த மென்பொருளுக்குக் கீழே "உங்கள் கருத்து" என்று ஒரு கட்டம் இருந்தது. கருத்துகள் 0. அங்கே எழுதினால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம்.

"நீங்க எழுதறதால அந்த மஞ்ச முக்கோணம் போகாதுங்கய்யா."

"தெரியுங்க."

"பேரோட வரும். எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டுங்க."

என் பெயரில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தார். டைப் அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பத்து மணிக்குத் தொடங்கினேன், முடிக்கும்போது மணி ஒன்றரை. டீச்சர் எனக்கும் சேர்த்து ரசம் வைத்துவிட்டார். கம்ப்யூட்டரில் அடித்ததை இங்கே பார்த்து எழுதி வைக்கிறேன்.

"இதை உருவாக்கியவர் யார் என்று எவரும் உறுதி செய்யவில்லை என்று போட்டிருக்கிறது. நான் உறுதி செய்கிறேன். இவர் என் மகன் தனபால். 2006இல் சிங்காநல்லூர் மில்லில் இவர் எதையும் திருடவில்லை. இவரிடம் சீட்டு இருந்தது. நான் கேட் வாட்ச்மேன். எனக்குப் படிக்கத் தெரியாது. அதை மறைக்க, சீட்டு இல்லை என்று பொய் சொன்னேன். இவருக்கு அது தெரியும். இவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது படித்துவிட்டேன். இவர் செய்ததை நம்பி நிறுவலாம். குறை இரண்டு. எழுத்து சின்னதாக இருக்கிறது. தப்பு செய்தால் வருகிற சத்தம் பயமாக இருக்கிறது. ஆறுச்சாமி."

"குறையும் எழுதணுமாங்கய்யா?" என்றார் டீச்சர்.

"கருத்துன்னுதானுங்களே கேட்டிருக்குது? ரெண்டையும் சொல்லோணும்."

ஜூன் 22, சனி

ஊருக்கே சொன்ன பிறகு கீழ் வீட்டுக்காரனுக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை. பொன்னுச்சாமி டீயைக் கையில் எடுத்ததும் சொன்னேன்.

"பொன்னு, எனக்குப் படிக்கத் தெரியாது. இப்பத்தான் பழகுனேன். மில்லுல இருக்கற வரைக்கும் தெரியாது."

"என்ன வெளையாடறயா? என்ற டிபன் பொட்டிய வரைக்கும் தொறந்து பாத்தவனாச்சே நீ."

"டிபன் பொட்டியப் பாக்க எழுத்து எதுக்குப்பா?"

சிரித்தான். சிரித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"அப்ப தனபாலு..."

"அவங்கிட்ட சீட்டு இருந்துச்சு."

டம்ளரைக் கீழே வைத்தான். "பதினெட்டு வருசம் அவனத் திருட்டுப்பயன்னு நானும் சொல்லிட்டுத் திரிஞ்சனே, ஆறுச்சாமி. உன்ற முன்னாடியே சொன்னனே. நீ கேட்டுட்டுத்தான உக்காந்திருந்த?"

டீயைக் குடிக்காமலே இறங்கிப் போய்விட்டான்.

ஜூன் 23, ஞாயிறு

பதினொரு மணிக்கு யாரும் வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

கருத்துகள் 1. அது நான் எழுதியது.

ஜூன் 26, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் வழக்கம்போலக் கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். இருங்க என்றேன். பில்லை முழுதும் படித்துவிட்டுப் போட்டேன். "சீக்கிரமுங், வண்டி ரோட்ல நிக்குது" என்றார். அவர் போன பிறகு இன்று வேறு யாரிடமும் பேசவில்லை.

கருத்துகள் 1.

ஜூன் 29, சனி

"எழுதிப் பழகு" ஐந்தாம் பாடம் முடித்தேன். முகவரி எழுதுவது. பெறுநர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று தெரியவில்லை. டீச்சர் பெயரைப் போட்டேன்.

பொன்னுச்சாமி எதிரே வந்தான். ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

ஜூலை 1, திங்கள்

கருத்துகள் 1. தனபால் படிக்காமல் இருந்திருக்கலாம். படித்துவிட்டும் சும்மா இருந்திருக்கலாம்.

ஜூலை 4, வியாழன்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் மூலையில் ஒரு சின்னச் செய்தி வந்தது. "எழுதிப் பழகு: புதிய பதிப்பு உள்ளது."

டீச்சருக்குப் போன் செய்தேன். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன்.

"அதச் செஞ்சவரு எதையோ மாத்தியிருக்காருங்கய்யா. என்ன மாத்துனாருன்னு கீழ எழுதியிருக்கும். படிங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

உரக்கப் படித்தேன்.

"எழுத்துகளைப் பெரிதாக்கும் வசதி சேர்க்கப்பட்டது. தவறு செய்தால் வரும் சத்தம் நீக்கப்பட்டது. வேறு குறை இருந்தால் எழுதவும்."

"வேற ஒண்ணும் எழுதலீங்களா?" என்றார் டீச்சர்.

"இல்லீங்க டீச்சர். மூணே வரிதான்."

"தேதி பாருங்க."

பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் போட்டிருக்கிறான். புதிய பதிப்பை இறக்கினேன். எழுத்து உள்ளங்கை அளவுக்கு வருகிறது. வேண்டுமென்றே உக்கடத்தைத் தப்பாக எழுதிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை தப்பாக எழுதினேன். சும்மா இருந்தது. திரும்ப எழுது என்று இடம் மட்டும் கொடுத்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பொன்னுச்சாமி. உள்ளே வரவில்லை, கதவோரம் நின்றான்.

"டீ வெச்சயா?"

"வெக்கறேன்."

"சக்கரை கம்மியாப் போடு" என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தான். மூன்று வரியையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். "எனக்கும் கண்ணு இருக்குதப்பா" என்றான். ஆனால் நான் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை 7, ஞாயிறு

வேறு குறை இருந்தால் எழுதவும் என்று கேட்டிருக்கிறான். மூன்று நாளாக முதல் பாடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். நான்கு குறைகள் கிடைத்தன. மருந்துப் பாடத்தில் மதியம் இல்லை. பஸ் பாடத்தில் சிங்காநல்லூர் இல்லை. மூட மறந்து எழுந்து போனால் எழுதியது அழிந்துவிடுகிறது. எண்கள் எழுதப் பாடமே இல்லை.

கருத்துக் கட்டத்தைத் திறந்தேன். மதியம் இல்லை என்பதை மட்டும் எழுதி அனுப்பினேன். மற்ற மூன்றையும் எழுதவில்லை. வாரத்துக்கு ஒன்றாக எழுதலாம் என்று இருக்கிறேன். அதற்குள் இன்னும் கொஞ்சம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.